தாடியஸ் ஸ்டீவன்ஸ்: ஒரு வக்கீல், ஒரு திருத்தம், 40 ஏக்கர்



இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு அமெரிக்க வக்கீலைப் பற்றி. பென்சில்வேனியா மாநிலத்துக்காரர். பாதி வாழ்க்கை நீதிமன்றத்தில், மீதி வாழ்க்கை காங்கிரஸில். காங்கிரஸ்னு சொல்லும்போது நம்ம ஊர் கட்சி ஞாபகம் வரும், அது இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத்தான் அங்கே காங்கிரஸ்னு பேர். பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். ஸ்பீல்பெர்க்கோட "லிங்கன்" படம் பார்த்தவங்களுக்கு டாமி லீ ஜோன்ஸ் முகம் உடனே ஞாபகம் வரும். விக் வெச்சுக்கிட்டு, கோலை ஊன்றிக்கிட்டு, எதிர்க்கட்சிக்காரங்களை வார்த்தையாலேயே தோலுரிக்கிற கிழவர். அவர்தான்.

அடிமை ஒழிப்புக்காகப் போராடினவர்னு இவரை அறிமுகப்படுத்துவாங்க. சரிதான். ஆனால் நான் ஆரம்பிக்கப்போறது வேற இடத்திலிருந்து. 1821-ல் நடந்த ஒரு வழக்கு.

சாரிட்டி பட்லர்னு ஒரு பெண். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் அடிமையாக இருந்தவர். பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் இருந்தது. வெளிமாநிலத்துக்காரர் யாராவது தன் அடிமையைப் பென்சில்வேனியாவுக்குக் கூட்டிவந்து 6 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமைக்கு விடுதலை. சாரிட்டியின் எஜமானி பென்சில்வேனியாவுக்கு அடிக்கடி வந்து போகிறவர். ஒவ்வொரு முறையும் இவரையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த நாட்களை எல்லாம் கூட்டினால் 6 மாதத்தைத் தாண்டிவிடும். அதனால் நானும் என் இரண்டு குழந்தைகளும் சுதந்திர மனிதர்கள் என்பது அவருடைய வாதம்.

எதிர்த் தரப்பில், அதாவது அடிமையின் உரிமையாளர் தரப்பில் ஆஜரான இளம் வக்கீல் யார் தெரியுமா? தாடியஸ் ஸ்டீவன்ஸ். 6 மாதம் என்றால் தொடர்ச்சியாக 6 மாதம், துண்டு துண்டாக வந்துபோன நாட்களைக் கூட்டக்கூடாது என்பது அந்தத் தரப்பின் நிலை. மாநில உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றுக்கொண்டது. ஸ்டீவன்ஸ் ஜெயித்தார். ஒரு அம்மாவும் இரண்டு குழந்தைகளும் அடிமைத்தனத்துக்கே திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டீவன்ஸ் அந்த மாதிரி வழக்கில் உரிமையாளர் பக்கம் நின்றதாக நமக்குத் தெரியவில்லை. தப்பி வந்த அடிமைகளுக்காகத்தான் வாதாடினார், பெரும்பாலும் காசு வாங்காமல். இரண்டு வருஷம் கழித்து, 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்து. கோப்பையை உயர்த்தி ஆளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்வது அங்கே வழக்கம். இவர் முறை வந்தபோது, அடுத்த ஜனாதிபதியாக வருகிறவர் எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். அதுவரைக்கும் இருந்த ஐந்து ஜனாதிபதிகளில் நாலு பேர் வர்ஜீனியாக்காரர்கள், நாலு பேரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்தக் காலத்தில் இது சாதாரண வாழ்த்து இல்லை.

அந்த வழக்கு அவர் மனசை உறுத்தியிருக்குமா? வாழ்க்கை வரலாறு எழுதினவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் அடுத்த 45 வருஷம் அவர் செய்ததைப் பார்க்கும்போது, எனக்கு அந்த அம்மாவின் பெயர் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம்.

1792 ஏப்ரல் 4-ம் தேதி, வெர்மான்ட் மாநிலத்தில் டேன்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்தது, கடைசிவரைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அப்பா செருப்புத் தைக்கிற தொழில். குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். நாலு பையன்களை வைத்துக்கொண்டு அம்மா சாரா தனியாக நின்றார். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுங்களா? நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதற்காகவே பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். இந்தப் பையனால் பண்ணையில் இறங்கி வேலை செய்ய முடியாது, படித்தால்தான் பிழைப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்ம வீடுகளிலும் இந்த அம்மாவைப் பார்த்திருப்போம். ஸ்டீவன்ஸ் பிற்காலத்தில் சம்பாதித்தபோது அம்மாவுக்கு ஒரு பண்ணையே வாங்கிக் கொடுத்தார்.

1814-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம். பிறகு பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரில் பள்ளி வாத்தியார் வேலை, ராத்திரியில் சட்டப் படிப்பு. யார்க் வக்கீல்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவருக்கு இங்கே அனுமதி கிடையாது என்று விதி போட்டுவிட்டார்கள். இவர் குதிரையேறி மேரிலாந்தில் உள்ள பெல் ஏர் என்ற ஊருக்குப் போய் அங்கே தேர்வு எழுதினார். எழுதினார்னு சொல்றது கூட அதிகம். பிற்காலத்தில் அவரே சொன்ன கதைப்படி, தேர்வு நடத்தின நீதிபதிகளுக்கு மதேரா ஒயின் பாட்டில்கள் வாங்கி வைக்க வேண்டியிருந்தது, நாலு கேள்வி கேட்டார்கள், சான்றிதழ் கையில். அதை வைத்துக்கொண்டு 1816-ல் கெட்டிஸ்பர்க்கில் வக்கீலாக உட்கார்ந்தார். ஆமாம், பிறகு பெரிய யுத்தம் நடந்த அதே கெட்டிஸ்பர்க். வக்கீல் தொழிலில் பேர் வாங்கினார், நிலம் வாங்கினார், கேலடோனியா என்ற இடத்தில் இரும்பு உருக்காலையில் முதலீடு செய்தார். இந்த உருக்காலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அரசியலுக்கு வந்த வழி கொஞ்சம் விசித்திரம். மேசன்கள் என்கிற ரகசியச் சங்கத்துக்கு எதிராக அப்போது ஒரு கட்சியே இருந்தது. அதில் சேர்ந்து 1833-ல் மாநில சட்டசபைக்குப் போனார். உடல் ஊனமுள்ளவர்களை மேசன்கள் சேர்க்க மாட்டார்கள் என்பதும் இவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். அந்தக் கட்சி கொஞ்ச காலத்தில் காணாமல் போய்விட்டது, நாமும் அதை விட்டுவிடலாம்.

விடமுடியாதது 1835. அதற்கு முந்தின வருஷம் பென்சில்வேனியாவில் இலவசப் பள்ளிக்கூடச் சட்டம் வந்திருந்தது. எல்லாக் குழந்தைக்கும் பள்ளிக்கூடம், செலவுக்கு வரி. மக்களுக்குக் கடுமையான கோபம். என் பிள்ளையை நான் படிக்க வைக்கிறேன், ஊரான் பிள்ளைக்கு நான் ஏன் வரி கட்டணும் என்ற கேள்விதான். எதிர்ப்பு எந்த அளவுக்கு என்றால், செனட் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்துவிட்டது. ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதிக்காரர்களே ரத்துக்குத்தான் வாக்களிக்கச் சொன்னார்கள். சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஜார்ஜ் உல்ஃப் இவருக்கு எதிர்க்கட்சிக்காரர், போதாக்குறைக்கு மேசன். அரசியல் கணக்குப் போட்டால், ரத்து செய்ய வாக்களிப்பதுதான் புத்திசாலித்தனம்.

1835 ஏப்ரல் 11. ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். பழைய முறையில் ஏழைப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை இருந்தது, ஆனால் அப்பன் தன்னை ஏழை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதை வைத்து, இந்த ரத்து மசோதாவுக்கு ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளப்படுத்தும் சட்டம் என்று பெயர் வையுங்கள் என்றார். இன்னொரு வாதம் வக்கீல் வாதம். குற்றமே செய்யாத நீ, சிறைச்சாலைக்கு வரி கட்டுகிறாய், முணுமுணுப்பதில்லை. ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு வரி என்றால் மட்டும் ஏன் வலிக்கிறது? பேசி முடித்தபோது சபை மாறியிருந்தது. ரத்து மசோதா தோற்றது, பள்ளிக்கூடங்கள் பிழைத்தன. தன் வாழ்நாளில் செய்ததிலேயே உருப்படியான காரியம் என்று வயசான காலத்தில் அவர் இதைத்தான் நினைத்தார். பின்னால் செய்ததெல்லாம் தெரிந்தும் இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை யோசித்துப் பாருங்க. பீச்சத்துக்குக் குடிபெயர்ந்த அந்த அம்மாதான் இதில் இருக்கிறார்.

1838-ல் மாநிலத்துக்குப் புது அரசமைப்பு. வெள்ளையருக்கு மட்டுமே வாக்கு என்று அதில் எழுதினார்கள். ஸ்டீவன்ஸ் அந்த மன்றத்தில் உறுப்பினர், கடைசியில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதே வருஷம் மாநிலத் தேர்தல் தகராறில் கூட்டம் சட்டசபைக்குள்ளே புகுந்தபோது ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புனிதர் கதை இல்லை இது. அந்தத் தேர்தல் தில்லுமுல்லுகளில் இவர் பக்கத்துக்கும் பங்கு உண்டு.

இரும்புத் தொழில் கடனில் கொண்டுபோய் விட்டது. கடனை அடைக்க 1842-ல் லங்காஸ்டர் நகரத்துக்கு மாறி, மறுபடி வக்கீல் தொழிலை விரித்தார். லங்காஸ்டர் மேரிலாந்து எல்லைக்குப் பக்கம். தப்பி வருகிற அடிமைகள் அந்த வழியாகத்தான் வடக்கே போவார்கள். அடிமை பிடிப்பவர்களின் நடமாட்டத்தை உளவு பார்க்க ஸ்டீவன்ஸ் ஆள் வைத்திருந்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், லங்காஸ்டரில் மாநாட்டு மையம் கட்டுவதற்காக அவருடைய வீட்டுப் பகுதியில் அகழாய்வு செய்தார்கள். நிலத்தடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆள் உள்ளே போகிற மாதிரி மாற்றியமைக்கப்பட்டு இருந்தது. தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்த இடமாக இருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். லிடியா ஹாமில்டன் ஸ்மித். கலப்பினப் பெண், கணவரைப் பிரிந்து பின் விதவையானவர், இரண்டு பையன்கள். வீட்டு நிர்வாகியாக வந்து, ஸ்டீவன்ஸ் சாகும்வரை 20 வருஷம் அந்தக் குடும்பத்தை நடத்தினார். இரண்டு பேரும் கணவன் மனைவி மாதிரி வாழ்ந்தார்கள் என்று ஊர் பேசியது, எதிரிப் பத்திரிகைகள் அசிங்கமாக எழுதின. ஸ்டீவன்ஸ் ஊர் வாயை மூட எதுவும் செய்யவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற எல்லாரும் அவரை மிஸஸ் ஸ்மித் என்றுதான் கூப்பிடணும் என்பது விதி. கறுப்பினப் பெண்களை வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற காலம் அது. லிடியாவும் லேசுப்பட்டவர் இல்லை. கெட்டிஸ்பர்க் யுத்தம் முடிந்ததும் வண்டியை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக உணவும் துணியும் திரட்டி, இரண்டு பக்கத்துக் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மாவுக்குத் தனி எபிசோடே போடலாம்.

1849-ல் ஸ்டீவன்ஸ் காங்கிரஸுக்குப் போனார். அடுத்த வருஷமே தப்பியோடும் அடிமைகள் சட்டம் வந்தது. அதில் ஒரு ஏற்பாடு இருக்கு, கேளுங்க. பிடிபட்டவர் அடிமையா இல்லையா என்று தீர்ப்பு சொல்கிற அதிகாரிக்குக் கூலி உண்டு. அடிமைதான், கொண்டு போ என்று சொன்னால் 10 டாலர். இல்லை, விட்டுவிடு என்று சொன்னால் 5 டாலர். கூடுதல் எழுத்து வேலை இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

அந்தச் சட்டத்தின்படி 1851 செப்டம்பர் 11-ம் தேதி, லங்காஸ்டர் பக்கத்தில் கிறிஸ்டியானா என்ற கிராமத்துக்கு மேரிலாந்திலிருந்து எட்வர்ட் கோர்சச் என்ற உரிமையாளர் ஆட்களோடு வந்தார், தப்பின தன் அடிமைகளைப் பிடிக்க. அவர்கள் ஒளிந்திருந்தது வில்லியம் பார்க்கர் என்பவரின் வீட்டில். பார்க்கரும் ஒரு காலத்தில் தப்பி வந்தவர்தான். கொம்பு ஊதினார்கள், சுற்றுவட்டாரக் கறுப்பினத்தவர்கள் கையில் கிடைத்ததோடு ஓடிவந்தார்கள். சண்டையில் கோர்சச் செத்துப்போனார்.

அரசாங்கம் கொலை வழக்கோடு நிறுத்தவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டது. முதலில் விசாரணைக்கு வந்தவர் காஸ்ட்னர் ஹான்வே. வெள்ளைக்காரர், மாவுமில் நடத்துகிறவர். அன்று அந்த இடத்துக்குக் குதிரையில் வந்தார், அடிமை பிடிக்க உதவி செய் என்றபோது மறுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. விசாரணை நடந்த இடம் பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபம். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே கட்டடம். உதவ மறுப்பது தேசத்தின் மேல் போர் தொடுப்பதாகுமா என்பதுதான் கேள்வி. பாதுகாப்புத் தரப்பில் ஸ்டீவன்ஸ் முக்கியமான வக்கீல், ஆனால் அவர் பெயரே ஜூரியை விரட்டிவிடும் என்பதால் முன்னால் நின்று பேச வேறொருவரை விட்டு இவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தன் குரலை அடக்கி வைக்க ஸ்டீவன்ஸுக்குத் தெரியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் உதாரணம். ஜூரி சுமார் 15 நிமிஷத்தில் விடுதலை என்று சொன்னது. மற்றவர்கள் மேலிருந்த தேசத்துரோக வழக்கும் நிற்கவில்லை.

வழக்கு ஜெயித்தது, பதவி போனது. சொந்தக் கட்சியே மறுபடி சீட் கொடுக்கவில்லை. திரும்பக் காங்கிரஸுக்கு வந்தது 1859-ல், புதிதாகப் பிறந்திருந்த ரிபப்ளிகன் கட்சியில், வயசு 67. நம்ம கதையின் பெரிய பகுதி இனிமேல்தான்.

உள்நாட்டுப் போரின்போது நிதிக்குழுத் தலைவர். போருக்குப் பணம் வேணும், கஜானாவில் தங்கம் இல்லை. 1862-ல் கிரீன்பேக் என்ற காகிதப் பணம் வந்ததிலும், முதன்முதலாக மத்திய அரசு வருமான வரி போட்டதிலும் இவர் கை உண்டு. லிங்கனைத் தள்ளிக்கொண்டே இருப்பார், இன்னும் வேகமாகப் போங்க, அடிமைகளை விடுதலை செய்யுங்க, கையில் துப்பாக்கி கொடுங்க என்று. நாக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கதை. போர் அமைச்சர் சைமன் கேமரான் நேர்மையானவரா என்று லிங்கன் கேட்டாராம். பழுக்கக் காய்ச்சின அடுப்பைத் திருடுவார் என்று நான் நினைக்கவில்லை என்றாராம் ஸ்டீவன்ஸ். கேமரானுக்கு விஷயம் போய்க் கோபம் வந்து, சொன்னதை வாபஸ் வாங்கு என்றார். சரி, திருட மாட்டார்னு சொன்னேன், அதை வாபஸ் வாங்கிக்கறேன் என்றாராம் இவர்.

1863 ஜூன் மாதம், கெட்டிஸ்பர்க் யுத்தத்துக்குச் சில நாள் முன்பு, தெற்கத்திப் படையின் தளபதி ஜூபல் எர்லி கேலடோனியா வழியாக வந்தார். அந்த உருக்காலை யாருடையது என்று அவருக்குத் தெரியும். கொளுத்திவிட்டுப் போனார். ஸ்டீவன்ஸ் எழுதின கடிதத்தில் தன் நஷ்டத்தைப் பற்றி ஒரு நிமிஷமும் கவலைப்படவில்லை என்கிறார். அடிமைமுறை ஒரு துளியும் மிஞ்சாமல் ஒழிந்தால் இது மலிவான விலை என்கிறார். அங்கே வேலை செய்த ஏழைக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழியிருக்கா என்பதுதான் அவருடைய விசாரிப்பு.

1865 ஜனவரி 31. அடிமைமுறையை ஒழிக்கிற 13-வது திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியது. ஸ்பீல்பெர்க் படத்தின் உச்சக்கட்டம் இது. எல்லா விஷயத்திலும் சமம் என்று நான் சொல்லவில்லை, சட்டத்தின் முன் சமம் என்றுதான் சொல்கிறேன் என்று ஸ்டீவன்ஸ் சபையில் சொன்னது உண்மை. வாழ்நாள் முழுக்க அதைவிட அதிகமாக நம்பினவர், வாக்குக் குறையக்கூடாது என்பதற்காக அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். ஆண்ட்ரூ ஜான்சன் ஜனாதிபதி ஆனார். இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால்தான் அடுத்தது புரியும். பழைய அரசமைப்பில், எத்தனை எம்.பி. என்று கணக்கிடும்போது ஒரு அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணுவார்கள். இப்போது அடிமைமுறை ஒழிந்துவிட்டது, அதனால் ஒவ்வொருவரும் முழு ஆள். அப்படியானால் தெற்கு மாநிலங்களுக்கு முன்பைவிட அதிக எம்.பி.க்கள்! ஆனால் கறுப்பினத்தவருக்கு வாக்கு கிடையாது. போரில் தோற்றவர்கள், விடுதலையானவர்களின் தலையை எண்ணியே கூடுதல் பலத்தோடு காங்கிரஸுக்குத் திரும்பலாம். இதற்கு நடுவில் மிசிசிப்பி மாதிரி மாநிலங்கள் கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டங்கள் போட்டன. வேலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் திரிந்தால் நாடோடி என்று கைது, அபராதம், அபராதத்துக்காகக் கூலிக்கு அனுப்புதல். பேர் மட்டும்தான் மாறியிருந்தது.

1865 டிசம்பர் 4, காங்கிரஸ் கூடுகிறது. தெற்கிலிருந்து புது உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் நேற்றுவரை எதிரிப்படையில் அதிகாரிகளாக இருந்தவர்களும் உண்டு. வருகைப் பதிவு வாசிக்கிறவர் சபைச் செயலாளர் எட்வர்ட் மக்ஃபெர்சன், கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்ட ஆள். வாசித்துக்கொண்டே வந்தவர் தெற்கு மாநிலப் பெயர்களை அப்படியே தாண்டிப் போனார். டென்னசி உறுப்பினர் எழுந்து பேசப் பார்த்தார், வாசிப்பு நடக்கும்போது குறுக்கிடக்கூடாது என்று பதில். ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை, ஒரு பட்டியல் வாசிப்பில் வேலை முடிந்தது. நீதிமன்ற நடைமுறைகளில் 50 வருஷம் ஊறின மூளை இது.

அந்த இடைவெளியில்தான் 14-வது திருத்தம் உருவானது. இதன் முதல் பிரிவை எழுதினவர் ஸ்டீவன்ஸ் இல்லை, ஒஹையோவைச் சேர்ந்த ஜான் பிங்கம், அவரும் வக்கீல். ஸ்டீவன்ஸ் அதைக் குழுவிலிருந்து சபைக்கும், சபையிலிருந்து வாக்கெடுப்புக்கும் ஓட்டிச் சென்றவர். சட்டங்களின் சமப் பாதுகாப்பு என்ற சொல் அதில் இருக்கிறது. நம்ம இந்திய அரசமைப்பிலும் 14-வது பிரிவில் அதே சொல் இருக்கு. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல், சொல் அங்கிருந்து வந்தது தற்செயல் இல்லை.

ஆனால் ஸ்டீவன்ஸ் கேட்டது அதில் முழுதாக இல்லை. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை என்று நேரடியாக எழுத வாக்குகள் போதவில்லை. வாக்கு மறுத்தால் எம்.பி. எண்ணிக்கை குறையும் என்று சுற்றி வளைத்துத்தான் எழுத முடிந்தது. 1866 ஜூன் 13 அன்று அவர் பேசினதைப் படித்தால் கஷ்டமாக இருக்கும். இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் ஒரு கனவு கண்டேன், மனிதனுக்கு மனிதன் வேற்றுமை இல்லாமல் இந்த நாட்டின் அமைப்புகளை எல்லாம் திருத்தி எழுதுகிற நாள் வரும் என்று. அந்தக் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் ஓட்டைகளைத்தான் அடைக்கிறோம் என்கிற பொருளில் பேசுகிறார். பிறகு ஏன் இதை ஏற்றுக்கொள்கிறேன் என்றால், நான் தேவர்கள் நடுவில் வாழவில்லை, மனிதர்கள் நடுவில் வாழ்கிறேன் என்கிறார். அன்று அவருக்கு வயசு 74.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய தோல்வி இது இல்லை. நிலம்தான். 1865 செப்டம்பர் 6-ம் தேதி லங்காஸ்டரில் பேசும்போது ஒரு கணக்கு வைத்தார். தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிற பெரும் பண்ணையார்கள் சுமார் 70,000 பேர். மாநிலங்கள் வைத்திருப்பதையும் சேர்த்து அவர்கள் கையில் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். அதைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுங்கள். 10 லட்சம் பேர் என்றாலும் 4 கோடி ஏக்கர்தான். மீதியை விற்றுப் போர்க்கடனை அடையுங்கள். தெற்கில் பெரும்பாலான வெள்ளைக்காரர்களின் ஒரு ஏக்கரைக்கூட நான் தொடவில்லை என்றார்.

வாக்குச்சீட்டு கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு பழைய எஜமான் வாசலிலேயே நிற்கவைத்தால் அந்த வாக்குச்சீட்டு எத்தனை நாளைக்கு? இதுதான் அவருடைய கேள்வி. சொந்தக் கட்சிக்காரர்களே கேட்கவில்லை. சொத்துரிமை புனிதம், இன்று தெற்கில் பறித்தால் நாளை வடக்கில் தொழிற்சாலை முதலாளியிடம் கேட்க மாட்டார்களா என்ற பயம். 1867 மார்ச்சில் மசோதாவே கொண்டுவந்தார். நகரவில்லை. அந்த மாதம் தெற்கை ஐந்து ராணுவ மண்டலங்களாகப் பிரித்துக் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுக்கிற சட்டம், ஜான்சனின் மறுப்பாணையை மீறி நிறைவேறியது. வாக்கு வந்தது, நிலம் வரவில்லை. 1877-ல் ராணுவம் விலகினதும் அந்த வாக்கு என்ன ஆனது என்பது தெரிந்த கதை.

1868-ல் ஜான்சன் மேல் பதவிநீக்க விசாரணை. இதை விரிவாகப் போன சீசனில் பேசியாச்சு. ஸ்டீவன்ஸ் அப்போது நடக்கமுடியாத நிலை, நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்கள். தூக்குகிற இரண்டு இளைஞர்களிடம், நீங்க செத்துப்போயிட்டா என்னை யாருப்பா தூக்குவா என்று கேட்டாராம். செனட்டில் 35-க்கு 19, ஒரே ஒரு வாக்குக் குறைவில் ஜான்சன் தப்பினார்.

அதே ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் இறந்தார். பக்கத்தில் லிடியா ஸ்மித் இருந்தார், மருமகன் ஒருவர் இருந்தார், கறுப்பினப் போதகர்கள் வந்து ஜெபம் செய்தார்கள். உடல் கேபிடல் மாளிகையின் மைய மண்டபத்தில் வைக்கப்பட்டது. ஹென்றி கிளே, லிங்கன், அதற்குப் பிறகு இவர். காவலுக்கு நின்றது கறுப்பினப் படைவீரர்கள். லங்காஸ்டர் ரிபப்ளிகன் கட்சி, செத்துப்போன மனிதரையே வேட்பாளராகத் தேர்ந்தெடுத்து மரியாதை செய்தது.

அடக்கம் செய்த இடத்தைப் பற்றிச் சொல்லணும். ஊரின் பெரிய கல்லறைத் தோட்டத்தில் முன்பே இடம் வாங்கியிருந்தார். அங்கே வெள்ளையருக்கு மட்டும்தான் இடம் என்று தெரிந்ததும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஷ்ரைனர் என்ற சின்னக் கல்லறைத் தோட்டத்தில், எந்த இனத்தவருக்கும் இடம் தருகிற இடத்தில், இப்போதும் இருக்கிறார். காரணத்தையும் கல்லிலேயே எழுதிவைக்கச் சொல்லியிருந்தார்.

பிறகு அவர் பேர் கெட்டது. 1915-ல் "பர்த் ஆஃப் எ நேஷன்" படத்தில் வருகிற நொண்டிக்கால் வில்லன் அரசியல்வாதி இவரை வைத்துத்தான். பழிவாங்கும் வெறி பிடித்தவர் என்று பாடப்புத்தகங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்கு எழுதின. ஜான் கென்னடி எழுதின புத்தகத்திலும் நல்ல பேர் இல்லை. 1935-ல் டூ போய்ஸ் மாறி எழுதினார், மற்ற வரலாற்றாளர்கள் அந்தப் பக்கம் வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

உயில் சுவாரஸ்யமானது. அம்மாவின் கல்லறையில் ரோஜாச்செடி வைத்துப் பராமரிக்கப் பணம். லிடியா ஸ்மித்துக்கு வருஷம் 500 டாலர், இல்லையென்றால் மொத்தமாக 5,000. அவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார், ஸ்டீவன்ஸின் வீட்டையும் வாங்கினார். மருமகனுக்கு ஒரு நிபந்தனை: 5 வருஷம் குடிக்காமல் இருந்தால் சொத்தில் கால்பங்கு. அவரால் முடியவில்லை. அதனால் பணம் கடைசி ஏற்பாட்டுக்குப் போனது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஒரு விடுதி, நிறமோ பிறப்போ பார்க்கக்கூடாது, எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடணும். அது வளர்ந்து இன்று லங்காஸ்டரில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. வெல்டிங், தச்சு, மின்சார வேலை எல்லாம் சொல்லித்தருகிறார்கள், வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த எபிசோடில் ஜான் பிங்கம். 14-வது திருத்தத்தின் அந்த ஒரு வாக்கியத்தை எழுதினவர், கடைசிக் காலத்தில் ஜப்பானுக்குத் தூதராகப் போனவர். கேள்விகள் இருந்தால் அனுப்புங்க, நிலச் சீர்திருத்தம் பற்றிக் குறிப்பாக அனுப்புங்க.